சூஜி என்றால் ஊசி

ஊசிக்காரர் என்றொரு இனம் நம்மிடையே பெருகிக்கொண்டு வருகிறது. அவசரப்பட்டு டாக்டரையும் நர்ஸையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஊசி போடுகிறவர்கள். காலையில் எழுந்து, சட்டையைத் தூக்கி, வயிற்றில் இன்சுலினைக் குத்திக்கொண்டு, சட்டையை இறக்கிவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுகிற ஜனங்களையும் நான் சொல்லவில்லை, அவர்கள் போட்டுக்கொள்கிறவர்கள். நம் ஊசிக்காரர் போடுவதும் இல்லை, போட்டுக்கொள்வதும் இல்லை. போட்டுக்கொள்வதற்கு ஏற்பாடு செய்கிறவர். ஏற்பாடு முடிந்தால்தானே போட்டுக்கொள்ள? அது முடியாது. முடிய விடமாட்டார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். "நாளையிலிருந்து ஊசிதான்" என்று டாக்டர் சொன்னதும் உங்களுக்கும் எனக்கும் முகம் தொங்கிப்போகும். மாத்திரையிலேயே ஓட்ட முடியாதா, பாகற்காய் ஜூஸ் குடித்தால் போதாதா, என் மச்சானுக்கு ஒரு வேர் கொடுத்தார்களே என்று கெஞ்சிக் கூத்தாடுவோம். ஊசிக்காரர் கெஞ்சமாட்டார். சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, பேனாவைத் தட்டி, "எத்தனை டப்பா தேவைப்படும் டாக்டர்?" என்பார். டாக்டருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். இப்படி ஒரு நோயாளியா என்று பூரித்துப்போய் வெளிவாசல் வரை வந்து வழியனுப்புவார். பாவம், அவருக்கு அனுபவம் போதாது.

இந்த இனத்துக்கென்று சில வசனங்கள் உண்டு. "முதல்ல சிஸ்டம் செட் ஆகட்டும்" என்பது ஒன்று. "எல்லாம் ரெடி, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்பது இன்னொன்று. அந்த ஒன்று எது என்று கேட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை அது பஞ்சாக இருக்கும், செவ்வாய்க்கிழமை பஞ்சு வைக்கும் டப்பாவாக இருக்கும், புதன்கிழமை அந்த டப்பாவின் மூடியாக இருக்கும்.

நான் நெருங்கிப் பழகி ஆராய்ந்த ஊசிக்காரரின் பெயர் கிளிஃபர்ட். பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. ஒரு ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்து, ஒரு நட்டைக்கூட அட்டையில் குறிக்காமல் வெளியே விடாமல், எல்லோரிடமும் திட்டு வாங்கி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மௌரீன் டீச்சர், என் மனைவிக்கு உற்ற சிநேகிதி. ஆகவே இங்கே நான் எழுதுவதில் பாதி மௌரீன் என் மனைவியிடம் சொன்னது, கால் பாகம் ஜன்னல் வழியே தானாகக் காதில் விழுந்தது, மீதி நேரில் பார்த்தது.

கிளிஃபர்டுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு ஒரு மாதம் தள்ளித் தேதியும் கொடுத்தாயிற்று. ஆனால் சர்க்கரை முந்நூற்றெண்பதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. இருநூறுக்குக் கீழே இறங்காவிட்டால் கத்தியைத் தொடமாட்டேன் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். கண் போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஆளா கிளிஃபர்ட்? அவர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பத்தொன்பது வருஷமாக வாசகம் வாசித்தவர். புரை முற்றிய பிறகு ஒருநாள், "மாலை ஐந்து மணிக்கு இளையோர் குழுக் கூட்டம்" என்ற அறிவிப்பை "இளநீர்க் குழுக் கூட்டம்" என்று கணீரென்று வாசித்துவிட்டார். கோவில் வரலாற்றிலேயே முதல் தடவையாக அந்தக் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில் ஃபாதருக்குக் கெட்ட பெயர். "ஆபரேஷன் முடியற வரைக்கும் ரெஸ்ட் எடுங்க கிளிஃபர்ட்" என்று தன்மையாகச் சொல்லி, மைக்கை டெரிக் என்பவர் கையில் கொடுத்துவிட்டார். டெரிக்குக்கு 'ழ' வராது. "மக்கள் எலுந்து நின்றார்கள்" என்று அவர் வாசிக்கும் ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது பெஞ்சில் கிளிஃபர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு எலுந்து நிற்பார். அந்த மைக் திரும்பி வர வேண்டுமென்றால் கண் தெளிய வேண்டும், கண் தெளிய சர்க்கரை இறங்க வேண்டும், சர்க்கரை இறங்க தினம் காலையில் பத்து யூனிட் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் விஷயம்.

கற்றுக்கொடுக்க வந்தவர் பக்கத்துத் தெரு நர்ஸ் சஹானா. வீட்டில் கன்னடம் பேசுகிற பெண், நல்ல பொறுமைசாலி. இன்சுலின் பேனாவையும் அதில் திருகும் குட்டி ஊசியையும் காட்டி, பஞ்சுமெத்தைத் துண்டு ஒன்றில் குத்திக் காண்பித்து, "பிரதி சல ஹொஸ சூஜி, அங்கிள்" என்று மூன்று தடவை சொன்னார். கன்னடத்தில் சூஜி என்றால் ஊசி. ஒவ்வொரு தடவையும் புது ஊசி என்று அர்த்தம். "ரெண்டே நிமிஷம் அங்கிள், கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது. ஏதாவது அவசரம்னா போன் பண்ணுங்க, ஓடி வந்துடறேன்" என்று சொல்லி, தண்ணீர் நிரப்பிய ஒரு பழகு பேனாவையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கிளிஃபர்ட் ஊசி போட்டுக்கொண்டார் என்று நினைக்கிறீர்களா? சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினார்.

டப்பா வாங்கத்தான். பத்துக் கடை ஏறி இறங்கி, மூடியைத் திறந்து மூடி, சத்தத்தைக் காது வைத்துக் கேட்டு, ஒரே மாதிரியாகப் பன்னிரண்டு டப்பா வாங்கி வந்தார். பஞ்சுக்கு ஒன்று, ஸ்பிரிட் துண்டுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, சர்க்கரை பார்க்கும் மீட்டருக்கு ஒன்று, மீட்டரின் பட்டைக்கு ஒன்று, பட்டை தீர்ந்துபோனால் வாங்க வேண்டிய கடையின் விசிட்டிங் கார்டுக்கு ஒன்று, இப்படி ஒன்பது டப்பா நிரம்பின. இன்னும் மூன்று டப்பா மிஞ்சியது. மிஞ்சிய டப்பா சும்மா இருக்கலாமா? மௌரீனின் ரவையும் சர்க்கரையும் கடலைப்பருப்பும் இருந்த பழைய டப்பாக்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அவற்றையும் புது டப்பாவுக்கு மாற்றினார். சமையலறையில் கண்ணுக்கு நேராக இருந்த அலமாரித் தட்டு முழுவதும் டப்பா அணிவகுப்பு.

அடுத்து ஃப்ரிட்ஜ். திறக்காத இன்சுலின் பேனா ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. நியாயமான விஷயம். நாமாக இருந்தால் நடுத்தட்டில் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுவோம். கிளிஃபர்ட் ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, அரை மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்து, திறந்ததால் சூடு ஏறிவிட்டது என்று கவலைப்பட்டு, அந்தக் கவலையில் மறுபடி திறந்து பார்த்தார். மௌரீன் வாங்கி வைத்திருந்த வஞ்சிரம் நாடு கடத்தப்பட்டு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு துண்டு குறைந்ததை இதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

பயன்படுத்திய ஊசியைப் போட கெட்டியான பாட்டில் வேண்டும் என்று சஹானா சொல்லியிருந்தார். துணி துவைக்கும் திரவம் இருந்த புத்தம்புது பாட்டிலைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருந்ததை நாலு பாத்திரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, 'முக்கால் பாகம் நிரம்பியதும் மூடவும்' என்று எழுதி ஒட்டினார். அதில் விழுந்த முதல் பதினேழு ஊசிகளும் கத்தரிக்காய்க்குப் போட்டவை. ஆமாம், கத்தரிக்காய்க்குத்தான். பழகு பேனாவில் கை பழக வேண்டாமா? தினம் காலை ஏழரைக்கு மேசையில் ஒரு கத்தரிக்காயை உட்காரவைத்து, அதன் வயிற்றைத் துடைத்து, குத்தி, பத்து எண்ணி, எடுத்தார். அந்தக் கத்தரிக்காய்களுக்குச் சர்க்கரை இருந்திருந்தால் இந்நேரம் குணமாகியிருக்கும்.

கடைசியாக வரைபடம். ஒரே இடத்தில் குத்தக் கூடாது, இடம் மாற்ற வேண்டும் என்பதற்காகக் கட்டம்போட்ட தாளில் தம்முடைய வயிற்றை அளவு பிசகாமல் வரைந்து, தொப்புளை நடுவில் வைத்து, அதைச் சுற்றி இருபத்தெட்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். பைபிள் வாசிப்புக்கு வந்த நாலு பெண்மணிகள் அதை ஏதோ வீட்டுமனைத் திட்டம் என்று நினைத்து, கிழக்கு பார்த்த மனை மிச்சம் இருக்கிறதா என்று மௌரீனை விசாரித்தார்கள்.

தேதிகள் மட்டும் ஓடின. கட்டங்கள் காலியாகவே இருந்தன.

"ஏங்க, இன்னிக்காவது போட்டுக்கிட்டீங்களா?"

"லேபிள் முடியட்டும், மௌரீன். லேபிள் இல்லாத ஸ்டோர் ஸ்டோரே இல்ல."

இந்த லேபிளில்தான் விஷயம் மாட்டிக்கொண்டது. தமக்கு மயக்கம் கியக்கம் வந்தால் ஓடி வரப்போவது சஹானா. வந்தவுடன் தட்டில் கையை வைத்து எடுக்கத் தோதாக, ஊசி டப்பாவின் பெயர் அவருடைய பாஷையில் இருக்க வேண்டாமா என்று கிளிஃபர்ட் யோசித்தார். பெங்களூரில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலரையும் போல இவரும் கன்னடத்தில் சண்டை போடுவார், பேரம் பேசுவார், கெஞ்சுவார், ஜோக் சொல்லுவார், எழுதத்தான் வராது. அதனால் ஆங்கில எழுத்தில், புரை விழுந்த தம் கண்ணுக்கும் தெரியும்படி பெரிய பெரிய எழுத்தில், ஊசி டப்பாவின் மேல் 'சூஜி' என்று எழுதி ஒட்டினார். பக்கத்து டப்பாவில் 'ரவை'. இரண்டு டப்பாவும் ஒரே அச்சு.

பதினெட்டாம் நாள் காலை மௌரீனின் பொறுமை தீர்ந்துபோயிற்று. "துணி காயப்போட மாடிக்குப் போறேன். நான் இறங்கி வர்றப்போ நீங்க போட்டிருக்கணும். இல்லேன்னா சஹானாவைக் கூப்பிட்டு, உங்களைக் கட்டிப்போட்டாவது போடச் சொல்வேன்." கிளிஃபர்ட் யோசித்துப் பார்த்தார். பஞ்சு இருந்தது, டப்பா இருந்தது, மூடி இருந்தது, லேபிளும் ஒட்டியாயிற்று. எவ்வளவு தேடியும் அந்த ஒன்றே ஒன்று பாக்கி கிடைக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்து, பெரிய சர்ஜன் போல இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல், குளியலறை வாசலில் நின்றபடி ஈரம் காயக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்க அவர் தயார்.

அப்போதுதான் மாடிவீட்டு நஸ்ரீன் சமையலறை வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குத் திடீர் விருந்தாளி. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். போனில் சிவாஜிநகர்த் தங்கை.

"கிளிஃபர்ட் பாய், கொஞ்சம் சூஜி இருக்கா? அல்வா கிண்டணும். அடுப்புல நெய் காயுது."

நஸ்ரீன் வீட்டில் பேசுவது தக்னி. தக்னியில் சூஜி என்றால் ரவை. நாற்பது வருஷம் கூடவே குடியிருந்த கிளிஃபர்டுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

"தாராளமா எடுத்துக்குங்க அக்கா! கையத் தூக்கிட்டு நிக்கறேன், வர முடியாது. தட்டுல லேபிள் ஒட்டியிருக்கு பாருங்க, பார்த்து எடுங்க!" என்றார், பெருமை பொங்க. தம்முடைய சிஸ்டத்தை முதல் முதலாக ஒருவர் பயன்படுத்துகிறார் என்ற பூரிப்பு. நஸ்ரீன் பார்த்தார். லேபிளைப் பார்த்துத்தான் எடுத்தார். சூஜி என்று கொட்டை எழுத்தில் இருந்த டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு, தங்கையோடு பேசிக்கொண்டே படியேறிப் போனார்.

அடுத்து நடந்ததை முதலில் அறிந்தது என் மூக்கு. நெய்யும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகும் ஒரு நாற்றம் தெருவைக் கடந்து வந்தது. என்னவோ பற்றிக்கொண்டது என்று நான் ஓடினேன். எனக்கு முன்னால் கிளிஃபர்ட், இன்னும் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடியே, படியில் ஓடிக்கொண்டிருந்தார். மொட்டைமாடியிலிருந்து மௌரீன் ஈரத்துணியோடு இறங்கி வந்தார்.

போன் பேச்சில் பார்க்காமலே டப்பாவைக் கவிழ்த்திருந்த நஸ்ரீன், அடுப்பை அணைத்துவிட்டு வாயில் கை வைத்து நின்றார். வாணலியில் எண்பதுக்கு மேற்பட்ட ஊசிகள், சின்னச் சின்ன பிளாஸ்டிக் குல்லாய்களோடு, நெய்யில் பொன்னிறத்தைத் தாண்டி வறுபட்டுக் கிடந்தன.

"யா அல்லா! என்ன பாய் இது? சூஜின்னு எழுதிட்டு உள்ள ஊசியா வெச்சிருக்கீங்க?"

"சூஜின்னா ஊசிதான் அக்கா! கன்னடத்துல!"

"உங்க வீட்ல யாரு கன்னடம்?"

கிளிஃபர்ட் வாணலியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கு ஒன்று புரிந்தது. அந்த முகத்தில் துக்கம் இல்லை. நிம்மதி இருந்தது.

"சரி, ஸ்டாக் நில்" என்றார் மெதுவாக. "ஸ்டாக் இல்லாம ஆரம்பிக்கக் கூடாது. இன்னிக்கே சிவாஜிநகர் போய்..."

"போய்?" என்றார் மௌரீன். கையிலிருந்த துணியை மாடிப்படிக் கம்பியில் போட்டார். "போய் இன்னும் பன்னெண்டு டப்பா வாங்குவீங்க. அதுக்கு இன்னொரு பதினெட்டு நாள். டப்பா எல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க. நீங்கதான் நல்லா இல்ல. எனக்குப் பயமா இருக்கு." குரல் உடைந்துவிட்டது. முப்பது வருஷம் எட்டாம் வகுப்பை மேய்த்த குரல் அது. அவர் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. என் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. நெய்ப்புகை காரணம் இல்லை.

கிளிஃபர்ட் தூக்கிய கைகளை ஒருவழியாக இறக்கினார். "எனக்கும் பயம்தான் மௌரீன்" என்றார். "ஊசின்னா சின்ன வயசிலேருந்தே பயம்."

"அரே, அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்றார் நஸ்ரீன். "நான் பதினோரு வருஷமா போட்டுக்கறேன். யாரு கேட்டீங்க?"

பதினோரு வருஷம்! எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவரிடம் தெர்மாமீட்டர் இல்லை, வரைபடம் இல்லை, லேபிள் இல்லை. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் இரண்டு பேனா. மருந்துச் சீட்டோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் ஊசிகள். அதிலிருந்து பிரிக்காத ஒன்றை எடுத்து நீட்டினார். "ஊசி நான் தர்றேன், புதுசு. பேனா உங்களோடதே கொண்டாங்க." மௌரீன் கீழே போய்ப் பேனாவோடு வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"சட்டையைத் தூக்குங்க, பாய்" என்று சொல்லிவிட்டு, நஸ்ரீன் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கிளிஃபர்ட் ஊசியைத் திருகினார். இரண்டு யூனிட்டைக் காற்றில் தள்ளினார், சொட்டு வந்தது. பத்தில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பூசையில்கூட அவ்வளவு உருக்கமாக வேண்டியிருக்கமாட்டார், உதட்டுக்குள் முணுமுணுத்தார். கத்தரிக்காய்ப் பயிற்சி வீண்போகவில்லை. கை தானாகப் போய்த் தானாக அமுக்கியது. நஸ்ரீன் சுவரிடம் "ஏக், தோ, தீன்" என்று எண்ணி "தஸ்" என்று பத்தில் முடித்தார்.

"எப்பக் குத்தணும்?" என்றார் கிளிஃபர்ட், கண்ணைத் திறக்காமலே.

"குத்தி எடுத்தாச்சுங்க" என்றார் மௌரீன்.

கண்ணைத் திறந்து, பேனாவைப் பார்த்து, வயிற்றைப் பார்த்து, எங்கள் மூவரையும் பார்த்து, கடைசியில் திகைத்துப்போய்க் கேட்டார்: "ஐயோ, எந்தக் கட்டத்துல போட்டேன்?"

அன்று அல்வா, மௌரீன் கொண்டுவந்த ரவையில், புது வாணலியில் கிண்டப்பட்டது. விருந்தாளியும் நானும் சாப்பிட்டோம். சர்க்கரைக்காரர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு எங்கே குத்தினால் வலிக்காது என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் விடாமல் காலை ஏழரைக்கு ஊசி நடந்தது. கண் ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் கிளிஃபர்ட் மைக் முன்னால் நின்று "மக்கள் எழுந்து நின்றார்கள்" என்று வாசித்தபோது அந்த 'ழ' பின் பெஞ்சில் இருந்த டெரிக்கின் மண்டையில் போய் இறங்கியிருக்கும்.

திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே, கண்ணில் நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டும் என்று சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடியோடு அவர் சிவாஜிநகர் பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மௌரீன் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை நஸ்ரீனிடம் கொடுத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயம். வாக்கிங் போவதற்காக வாங்கிய ஷூ எங்கே இருக்கிறது? பெட்டிக்குள்ளேயா? பத்திரமாக, காகிதம் சுற்றியா? பி.பி. பார்க்கும் மெஷினுக்கு உறை தைத்தீர்களே, பி.பி. பார்த்தீர்களா? இந்தக் கட்டுரை ரொம்ப உபயோகமாக இருக்கிறது, இதைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, 'உடல்நலம்' என்று எழுதிய ஃபைலில் வைத்துக்கொண்டு, நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கலாம் என்று இந்த நிமிஷம் உங்கள் கை மேசை டிராயரைத் துழாவுகிறது, இல்லையா?

கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். சட்டையைத் தூக்குங்கள்.